கழற்றிய கூரையும் கழலாத உண்மையும்

அரிய பொருள் எதுவாயினும் அஃது உயர்ந்த பொருள் என்று கொள்வது உலக வழக்கு. பழைய பொருள் எதுவாயினும் அஃது உண்மையான பொருள் என்று கொள்வதும் அவ்வாறே. இவ்விரு கொள்கைகளும் எவ்வளவு தூரம் பொருந்தும் என்று ஆராயப் பெரிய நூல்களைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. இங்கிலாந்தில் 1950 தொடக்கம் 1980 வரை செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களின் கழற்றத்தக்க மேற்கூரை ஒன்றே போதும். தமிழ் கற்பிப்பவருக்கும் மோட்டார் வண்டியின் கூரைக்கும் என்ன உறவு என்று பழைய மாணவர் சிலர் முறுவலித்தல் கூடும். உறவு உண்டு என்பதைக் கட்டுரையின் முடிவில் அவர்களே ஒப்புவர் என நம்புகின்றோம்.

யாம் மாணவராயிருந்த 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவதில்லை, உதிரிப்பாகங்களும் வருவதில்லை. ஆயினும் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிஜ் முதலிய பழைய ஆங்கில வண்டிகள் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு ஓடின. ஒரு வண்டியின் உறுப்பு மற்றொரு வண்டியில் ஏறிற்று. எங்கும் கிடையாத உறுப்பை மெக்கானிக்மார் லேத் பட்டறையிற் கடைந்து பூட்டினர். எந்த உறுப்பு ஆதியில் வந்தது, எந்த உறுப்பு பின்னர் ஏறியது என்பதை அவர்கள் மறைத்ததில்லை. கேட்டவருக்கு மகிழ்வோடு சொல்லினர். பழைய வண்டிகளின்மேல் எமக்குண்டான பற்று அப்பட்டறைகளிற் பிறந்தது. இதனை வாசகர் மனத்தில் இருத்துக. இறுதியில் இவ்விடத்துக்கே திரும்பி வருவோம்.

கூரை வகைகள்

அக்காலத்து ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் இருவர் அமரும் திறந்த வண்டி. மழை வந்தால் இழுத்து மூடிக்கொள்ளத் துணிக்கூரை உண்டு. அதனை ஹூட் என்பர். பல வண்டிகளின் கதவுகளில் ஏற்றி இறக்கும் கண்ணாடியும் இல்லை. கழற்றி மாட்டும் பக்கத்திரைகளே இருந்தன. இங்கிலாந்தின் மாரிக்காலத்தில் இவ்வேற்பாடு போதாது. காற்றும் மழையும் உள்ளே வரும்; துணி படபடவென்று அடிக்கும்; பின்னால் வருவது தெளிவாகத் தெரியாது. இதனால் எழுந்ததே ஹார்ட்டொப் என வழங்கும் வன்கூரை. உருக்குத் தகட்டாலோ, அலுமினியத்தாலோ, கண்ணாடியிழையாலோ செய்த கூரையை மாரியிற் பூட்டி, கோடையிற் கழற்றிக் கராஜின் ஓரத்திற் சாய்த்து வைப்பர்.

இது வண்டியோடு எல்லார்க்கும் வருவதன்று. வண்டிக்கு ஓடர் கொடுக்கும்போதே வேண்டும் என்று குறித்து, மேலதிகப் பணம் செலுத்தியவருக்கே தொழிற்சாலை இதனைப் பூட்டி அனுப்பும். கம்பிச் சக்கரம், உட்சூடேற்றி, வானொலி ஆகியனவும் இவ்வாறு விரும்பிப் பெறத்தக்க மேலதிக உறுப்புகளே. ஆயினும் வன்கூரைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. மற்றவை வண்டியோடு ஒட்டி வாழ்வன. கூரையோ ஆண்டின் பாதியை வண்டியை விட்டுப் பிரிந்தே கழிப்பது. இப்பிரிவே நாம் ஆராயும் சிக்கல்களுக்கெல்லாம் மூலம்.

சில எடுத்துக்காட்டுகள்

அபிங்டன் நகரில் 1955 முதல் 1962 வரை எம்.ஜீ.ஏ. என்னும் வண்டி உருவாயிற்று. அதற்கு முதலில் அலுமினிய வன்கூரையும், பின்னர் கண்ணாடியிழை வன்கூரையும் கிடைத்தன. வண்டியின் கதவில் ஏறி இறங்கும் கண்ணாடி இல்லாமையால், வன்கூரை வேண்டியோர் தள்ளித் திறக்கும் பக்கத்திரைகளையும் சேர்த்துப் பெற்றனர். கூரை வேறு, திரை வேறு என்று பிரிந்தபின் ஒன்று மற்றொன்றில்லாமல் முழுமையடையாது. நிலைத்த கூரையை உடைய எம்.ஜீ.ஏ. கூப்பே வண்டி 1956இல் வந்தது. அதன் கூரையைக் கழற்றல் இயலாது. ஆகலின் அது நம் ஆராய்ச்சிக்குப் புறம்பானது.

டிரயம்ப் நிறுவனத்தின் ரி.ஆர்.2 வண்டிக்கு 1954இன் பிற்பகுதியிலிருந்து வன்கூரை கிடைத்தது. அதன்பின் வந்த ரி.ஆர்.3 வண்டியில் இக்கூரைக்கு வேறொரு பயனும் உண்டாயிற்று. மோட்டார் ஓட்டப் போட்டிகளில் 'கிராண்ட் ரூறிங்' என்னும் பிரிவிற் சேர விரும்பியோர்க்கென வன்கூரையும் வெளிக் கைப்பிடிகளும் அடங்கிய தொகுதி ஒன்றை நிறுவனம் வழங்கிற்று. மழைக்காகப் பிறந்த கூரை, இவ்வாறு போட்டி விதிக்காகவும் பூட்டப்பட்டது.

1963இல் வந்த சன்பீம் அல்பைன் மூன்றாந் தொடரின் ஜீ.ரி. வகை இன்னொரு விதமானது. அதில் வன்கூரை வழமையான உறுப்பு, துணிக்கூரைதான் இல்லை. துணியை மடித்து வைக்கும் இடம் மிஞ்சியதால் பின்னால் இடவசதி சற்றுக் கூடிற்று. ஆகவே அவ்வகை வண்டியொன்றில் இன்று துணிக்கூரை காணப்படின், அது பிற்காலத்தில் வந்ததென ஐயுறல் வேண்டும். ஓரிடத்தில் மேலதிகமாயிருப்பது மற்றோரிடத்தில் இயல்பாயிருக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

1961 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் உலகைக் கவர்ந்த ஜாகுவார் ஈ-ரைப் வண்டியின் திறந்த வகைக்கும் கண்ணாடியிழை வன்கூரை மேலதிக உறுப்பாகக் கிடைத்தது. 1962இல் தொடங்கி 1980 வரை வந்த எம்.ஜீ.பி. வண்டிக்கும் வன்கூரை உண்டு. நிலைத்த கூரையுடைய ஜீ.ரி. வகையையும் சேர்த்து எண்ணினால் எம்.ஜீ.பி. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டது. இத்தனை வண்டிகளுக்கு அயலார் பலரும் கூரை செய்து விற்றமையின், எம்.ஜீ.பி. மேல் ஒரு வன்கூரையைக் கண்ட மாத்திரத்தே அது தொழிற்சாலைக் கூரை என்று கூறிவிட முடியாது.

ரி.ஆர்.4 வண்டியும் ஒரு சொல்லும்

இவ்வகையில் மிகுந்த கவனத்துக்குரியது 1961இல் வெளிவந்த டிரயம்ப் ரி.ஆர்.4. இதன் வடிவத்தை அமைத்தவர் இத்தாலியராகிய ஜியோவான்னி மிக்கெலொற்றி. இவ்வண்டியின் வன்கூரை ஒரே துண்டாய் அமைந்ததன்று. பின்புறத்தில் வளைந்த கண்ணாடி பொருந்திய அலுமினியக் கலப்புலோகச் சட்டம் வண்டியுடலோடு போல்ட்டுகளாற் பூட்டப்பட்டிருக்கும். அச்சட்டத்துக்கும் முன்கண்ணாடிக்கும் இடையிலுள்ள தகடு மட்டும் கழன்று வரும். தகட்டைக் கழற்றினால் தலைக்குமேல் வானமும், முதுகுக்குப் பின்னே காற்றைத் தடுக்கும் கண்ணாடியும் இருக்கும். ஜெர்மனியின் போர்ஷ நிறுவனம் 'டார்கா' என்னும் பெயரோடு இத்தகைய அமைப்பை 1965இல் காட்சிக்கு வைத்து உலகப்புகழ் பெற்றது. டிரயம்ப் நான்கு ஆண்டு முந்தியது.

ஆனால் அத்தகடு டிக்கியினுள் அடங்காது. அதனை வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும். நடுவழியில் மழை வந்தால் என் செய்வது? அதற்கென நிறுவனம் சிறிய சட்டமும் வினைல் துணியும் கொண்ட இலேசான மூடி ஒன்றையும் வழங்கிற்று. மடித்து டிக்கியில் வைத்துக்கொள்ளலாம். மழை கண்டதும் தகட்டின் இடத்தில் மாட்டலாம். இந்தத் துணிமூடியின் பெயரே 'சறே ரொப்'.

இங்கே மாணவர் கூர்ந்து நோக்குக. சறே ரொப் என்பது துணிமூடி ஒன்றற்கே உரிய பெயர். எனினும் இன்று பலர் பின்கண்ணாடிச் சட்டம், தகடு, துணிமூடி ஆகிய மூன்றையும் சேர்த்து அப்பெயராலே வழங்குகின்றனர். சினையின் பெயர் முதலுக்கு ஆகி வருவதைச் சினையாகுபெயர் என வகுப்பிற் படித்தோம் அல்லவா? ஆங்கிலேயரின் மோட்டார்ச் சந்தையிலும் அவ்விலக்கணம் உயிரோடு உலாவுகின்றது. வகுப்பறையில் ஆகுபெயரால் எவர்க்கும் இழப்பில்லை. சந்தையில் இழப்பு உண்டு. 'தொழிற்சாலைச் சறே ரொப் உடையது' என்று விளம்பரம் செய்த வண்டியை வாங்கச் செல்பவர், தகடு மட்டும் உண்டா, துணிமூடியும் உண்டா, இரண்டும் இன்றிப் பின்கண்ணாடி மட்டுமே உண்டா என்று ஒவ்வொன்றாக வினவல் வேண்டும். மூன்றும் ஒருங்கே பிழைத்திருத்தல் அரிது.

ரி.ஆர்.4 வண்டிகள் 40,253 செய்யப்பட்டன. அதன் வழியில் ரி.ஆர்.4ஏ வந்தது, 1967, 1968ஆம் ஆண்டுகளில் ரி.ஆர்.5 வண்டிகள் 2,947உம், வட அமெரிக்காவுக்கென ரி.ஆர்.250 வண்டிகள் 8,484உம் வந்தன. இவற்றுக்கும் இவ்வமைப்புக் கிடைத்தது. அடுத்து ஜெர்மனியின் கார்மன் நிறுவனத்தார் உருத்திருத்திய ரி.ஆர்.6 வண்டியில் இருதுண்டு அமைப்புக் கைவிடப்பட்டு, ஒரே துண்டாகிய உருக்குக் கூரை இடம்பெற்றது.

அருமைக்குக் காரணங்கள்

வன்கூரை அரிதானமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் தலையாயன நான்கு.

முதலாவது, பணம். மேலதிகப் பணம் கொடுத்தோர்க்கே கிடைத்தமையின், தொடக்கத்திலேயே வண்டிகளின் தொகையினும் கூரைகளின் தொகை குறைவு.

இரண்டாவது, இடம். எம்.ஜீ.ஏ. வண்டிகள் மொத்தம் 101,081. அவற்றுள் இங்கிலாந்தில் விற்பனையானவை 5,869 மட்டுமே. எஞ்சியவை கடல் கடந்தன; பெரும்பகுதி வட அமெரிக்காவை அடைந்தது. வெயில் மிகுந்த மாநிலத்தில் வாழ்வோர்க்கு மழைக்கூரையின் தேவை என்ன?

மூன்றாவது, சேமிப்பு. கழற்றிய கூரை பெரியது, இடத்தை அடைப்பது. வீடு மாறும்போதும் வண்டி கைமாறும்போதும் அதுவே முதலில் மறக்கப்படும். கூரையின்றி வண்டி ஓடும். ஆகலின் அதன் இழப்பை ஒருவரும் உடனே உணர்வதில்லை.

நான்காவது, சிதைவு. உருக்குக் கூரை துருப்பிடிக்கும். அலுமினியம் எளிதில் நெளியும். அலுமினியமும் உருக்கும் தொட்டிருக்கும் இடத்தில் மழைநீர் தங்கினால், மின்னிரசாயன அரிப்பு உண்டாகி அலுமினியம் வெண்பொடியாய் உதிரும். சில கூரைகளின் பின்சாளரம் கண்ணாடியால் அமையாது பேர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக்கால் அமைந்தது. அது நாளடைவில் மங்கி நுண்ணிய வெடிப்புகள் கொள்ளும்.

இவ்வாறு அரிதாகிய பொருளுக்கு விலை ஏறும். விலை ஏறியதும், 'இது ஆதியிலிருந்தே இவ்வண்டிக்கு உரியது' என்னும் கூற்றும் பெருகும். கூரைகள் குறையக் குறையக் கூற்றுகள் கூடும் என்பது இத்துறையின் விந்தை.

உண்மைத்தன்மையின் நால்வகை

வண்டிக்குச் செசி இலக்கம் உண்டு. என்ஜினுக்கும் இலக்கம் உண்டு. அவை வண்டியின் பிறப்புப் பதிவுகள். கழற்றும் கூரைக்கோ அத்தகைய பிறப்புப் பதிவு இல்லை. எனவே ஒரு வண்டியின்மேல் இன்று காணும் கூரையை நால்வகையாகப் பகுத்து நோக்கல் நன்று.

ஒன்று, உடன்பிறந்த கூரை: வண்டி உருவான அன்றே தொழிற்சாலையில் அதன்மேற் பூட்டப்பட்டது.

இரண்டு, வந்து சேர்ந்த கூரை: தொழிற்சாலை செய்ததே, ஆயின் விற்பனையாளர் பின்னர் பூட்டியது, அல்லது வேறொரு வண்டியிலிருந்து கழற்றி வந்தது.

மூன்று, அக்காலத்து அயற்கூரை: வண்டி செய்தவரல்லாத வேறு நிறுவனத்தார் அதே காலத்திற் செய்தது. ஆஷ்லி, லெனம் முதலிய நிறுவனங்களின் கண்ணாடியிழைக் கூரைகள் இவ்வகையின. இவற்றைப் போலி என்று தள்ளுதல் தவறு. அக்காலத்து இளைஞர் விரும்பி வாங்கிய பொருள்கள் இவை. சிலவற்றின் வடிவழகு தொழிற்சாலைக் கூரையையும் விஞ்சுவது.

நான்கு, இக்காலப் படி: பழைய கூரையைப் பார்த்துப் புதிதாக வார்த்தது.

இந்நான்கும் மழையை ஒரே விதமாகத் தடுக்கும். வேறுபாடு வரலாற்றில் உள்ளது. மேலும், அருமையும் உண்மைத்தன்மையும் ஒன்றல்ல. அரிதாகிவிட்ட அயற்கூரை உண்டு. பலரிடம் காணப்படும் உடன்பிறந்த கூரையும் உண்டு. அருமை என்பது எண்ணிக்கை பற்றியது. உண்மைத்தன்மை சான்று பற்றியது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நிறுவுதல் இயலாது.

தேறும் வழி

சான்று இருவகைப்படும்: எழுத்துச் சான்று, பொருட்சான்று.

எழுத்துச் சான்றில் முதன்மையானது தொழிற்சாலைப் பேரேடு. எம்.ஜீ., ஒஸ்ரின்-ஹீலி, டிரயம்ப் முதலிய வண்டிகளின் உற்பத்திப் பதிவுகள் இங்கிலாந்தின் வோரிக்ஷயரில் உள்ள கேடன் என்னுமிடத்தில், பிரித்தானிய மோட்டார்த் தொழில் மரபுரிமை அறநிலையத்தாற் பேணப்படுகின்றன. செசி இலக்கத்தைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தின், பேரேட்டில் உள்ளவாறு உற்பத்தி நாள், நிறம், என்ஜின் இலக்கம், தொழிற்சாலையிற் பூட்டிய மேலதிக உறுப்புகள் முதலியவற்றைக் குறித்துச் சான்றிதழ் தருவர். ஜாகுவார் வண்டிகளுக்கும் அத்தகைய மரபுரிமைச் சான்றிதழ் உண்டு. அதன்பின், முதல் உரிமையாளரின் பற்றுச்சீட்டு, அக்காலப் புகைப்படம், உதிரிப்பாகப் பட்டியல் ஆகியன உதவும்.

பொருட்சான்றில் நிறப்பூச்சை முதலில் நோக்குவர். வெளிப்புறம் பலமுறை பூசப்பட்டிருக்கும். ஆனால் உள்விளிம்பிலும், றபர் விளிம்பின் கீழும், போல்ட்டுத் தலையின் அடியிலும் ஆதி நிறம் ஒளிந்திருக்கும். அந்நிறம் வண்டியின் ஆதி நிறத்தோடு பொருந்துகின்றதா என ஒப்பிடுவர். ஆயினும், வண்டிக்கு வேறான நிறத்தில் கூரை விற்கப்படுவதும் உண்டு. ஆகலின் நிறவேற்றுமை ஒன்றையே முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. அடுத்து, துளைகளை நோக்குவர். தொழிற்சாலையில் இட்ட துளை அளவாகவும், நிறம் பூசுமுன் இட்டதாகவும் இருக்கும். பின்னர் கையாற் குடைந்த துளையின் விளிம்பில் வெறும் உலோகம் தெரியும். பின்சாளரம் கண்ணாடியாயின் அதன் மூலையிலுள்ள முத்திரையையும் நோக்குவர். திரிப்ளெக்ஸ் நிறுவனத்தார் தம் முத்திரை எழுத்துகளோடு புள்ளிகள் இட்டு உற்பத்திக் காலத்தைக் குறிக்கும் வழக்கம் உடையவர். வண்டிக்கு மூன்று ஆண்டு பிந்திய கண்ணாடி, உடன்பிறந்த கண்ணாடி ஆகாது.

இவ்வழி ஏட்டுச்சுவடி ஆராய்வோர் செல்லும் வழியே. ஒரு பாட்டு நூலாசிரியர் பாடியதோ, பின்வந்தோர் இடையிற் செருகியதோ என்று ஐயம் எழுந்தால், பல பிரதிகளை ஒப்பிட்டு, எழுத்தையும் நடையையும் நோக்கி, உரையாசிரியர் அதனை எடுத்தாண்டாரா எனத் தேடுவோம். சுவையுடையது என்பதனால் ஒரு பாட்டு மூலத்துக்கு உரியதாகிவிடாது. அழகாய்ப் பொருந்துகின்றது என்பதனால் ஒரு கூரையும் ஆதிக்கூரை ஆகிவிடாது.

ஒரு மாணவரின் கோப்பு

எம்மிடம் தமிழ் பயின்று இலண்டனில் தொழில் புரியும் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்தபோது எம் வீட்டுக்கு வந்தார். சிவப்பு நிற ரி.ஆர்.4 வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். 'தொழிற்சாலையிலேயே வன்கூரை பூட்டியது. மிக அரிது' என்று விற்றவர் கூறியதை நம்பி அதிக விலை கொடுத்திருந்தார். புகைப்படங்களும் சான்றிதழும் அடங்கிய கோப்பை எம்முன் விரித்து, "சேர், இதையொருக்கால் வாசிச்சுப் பாருங்கோ" என்றார்.

சான்றிதழில் நிறம் இருந்தது, கம்பிச் சக்கரம் இருந்தது, உட்சூடேற்றி இருந்தது, வன்கூரை இல்லை. புகைப்படம் ஒன்றில் சட்டத்தின் போல்ட்டடியில் கடுநீலம் தெரிந்தது. மாணவரின் முகம் வாடிற்று. "அப்ப இது போலியோ, சேர்?" என்றார். யாம் மறுத்தோம். சான்றிதழின் மௌனம் தொழிற்சாலையிற் பூட்டவில்லை என்பதற்கே சான்று. கூரை போலி என்பதற்குச் சான்றாகாது. சட்டமும் தகடும் தொழிற்சாலை செய்தவையே என்று அங்குள்ள வல்லார் கூறியிருந்தனர். ஆகவே அது நால்வகையுள் இரண்டாவது: வந்து சேர்ந்த கூரை. நீல வண்டி ஒன்றின் வாழ்வு முடிந்தபின் சிவப்பு வண்டியைக் காக்க வந்தது என்று கொள்ளலாம்.

அவர் அன்றே ஒரு தாளில், 'கூரை தொழிற்சாலை செய்தது. இவ்வண்டிக்கு உடன்பிறந்ததன்று' என்று எழுதி, நாளும் இட்டுக் கோப்பில் வைத்தார். பின்னர் வண்டியை விற்கும் நாள் வந்தது. வாங்க வந்தவருக்கு அத்தாளையே முதலிற் காட்டினாராம். தாம் கொடுத்த விலை அவருக்கு மீளவில்லை. "நான் ஏமாந்தது என்னோட முடியட்டும் எண்டு நினைச்சன், சேர்" என்று தொலைபேசியிற் கூறினார். எமது ஆசிரியப் பணியில் யாம் பெற்ற பரிசில்களுள் அச்சொல்லும் ஒன்று.

முடிவுரை

இப்பொழுது 1990களின் யாழ்ப்பாணத்துப் பட்டறைக்குத் திரும்புவோம். ஒரு வண்டியின் உறுப்பை மற்றொரு வண்டியிற் பூட்டிய எம் மெக்கானிக்மார் குற்றம் செய்தாரல்லர். அவர்கள் ஊரின் கால்களை ஓடவைத்தனர். மாற்றுதல் குற்றமன்று, மாற்றியதை மறைத்தலே குற்றம். பழுதுபார்த்த வண்டி தன் பழுதைச் சொல்லிக்கொண்டு ஓடுமாயின், அஃது உண்மையான வண்டியே.

யூபிலி ஆண்டு நினைவுகளைத் திரட்டும் ஆண்டு. எம் கல்லூரியைப் பற்றியும் கழன்ற கூரை போன்ற செய்திகள் பல உலாவுகின்றன. இக்கிண்ணத்தை எந்த ஆண்டு அணியினர் வென்றனர், இம்மரத்தை எவர் நட்டனர், இப்படத்தில் மூன்றாவதாக நிற்பவர் யார் என்பன போன்ற செய்திகளை ஒருவர் ஒருவாறும், மற்றொருவர் வேறொருவாறும் கூறுவர். இருவரும் பொய்யர் அல்லர்; நினைவு இடம் மாறிப் பூட்டப்பட்டிருக்கும். ஆகவே பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். தங்கள் பெட்டியிலுள்ள கல்லூரிப் புகைப்படத்தை இன்றே எடுத்து, அதன் பின்புறத்தில் ஆண்டையும் இடத்தையும் நிற்பவர் பெயரையும் எழுதுக. நன்கு நினைவில்லாததை 'நினைவில்லை' என்றே எழுதுக. அவ்வொரு வரி, எமக்குப் பின் வருவோர்க்குப் பேரேடாகும்.